முணுமுணுத்தா பாட்டைக் கண்டுபிடிச்சுக் குடுக்குற ஆப்: யாரு காசு குடுப்பாக?

மடத்துக்குயில்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடம் நான், மதுரைல மியூசிக் காலேஜ்ல வாய்ப்பாட்டு படிக்கிறேன், கடைசி வருஷம். ஒரு பிசினஸ் ஐடியா இருக்கு. கழுவி ஊத்துறதா இருந்தாலும் பரவால்ல, ஆனா காரணம் சொல்லி ஊத்துங்க.

இது எங்க அப்பாகிட்ட இருந்துதான் ஆரம்பிச்சுச்சு. போன தடைக்காலத்துல விசைப்படகெல்லாம் கரையில கெடந்தப்ப அப்பா வாசல்ல உக்காந்து வலைய தச்சுக்கிட்டே ஒரு மெட்டை முணுமுணுத்துக்கிட்டு இருந்தாரு, அதே நாலு வரி, திரும்பத் திரும்ப. என்ன பாட்டுப்பான்னு கேட்டா, சின்னப்புள்ளையில தாத்தாவோட வல்லத்துல போறப்ப டிரான்சிஸ்டர்ல இலங்கை வானொலில கேட்டது, பேரு தெரியாதுங்குறாரு. வார்த்தை 'நிலா'ன்னு ஒண்ணுதான் ஞாபகம் இருக்காம். நிலான்னு போட்டுத் தேடுனா தமிழ்ல பாதிப் பாட்டு வந்து நிக்கும்.

போன்ல பாட விட்டுப் பாத்தேன், ஏதோ புரியாத பாஷைப் பாட்டெல்லாம் காட்டுச்சு. இஞ்சினியரிங் படிக்கிற என் ஸ்கூல் ஃபிரண்டு ஒருத்தன் லேப்டாப்ல சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதி அப்பா பாடுனத ஏத்துனான், அது மத்யமாவதி ராகம்னு சொல்லுச்சு. நான் கேட்டா சத்தியமா மோகனம். சரி அது போகட்டும்.

ஐடியா என்னன்னா, முணுமுணுப்பு, ஞாபகத்துல இருக்குற ஒண்ணு ரெண்டு வார்த்தை, எந்த வயசுல எங்க கேட்டது, இது மூணையும் வாங்கிக்கிட்டு பாட்டைக் கண்டுபிடிச்சு ராகத்தோட சொல்ற ஆப். மாசம் 49 ரூபா சந்தா வைக்கலாம்னு இருக்கோம். கல்யாணக் கச்சேரில பாடிச் சேத்த 40 ஆயிரம் கையில இருக்கு, அதப் போடலாமா வேணாமா?

ராம்நாட்_ரவுசு:

கூகுள் ஃப்ரீயா குடுக்குறத நீ 49 ரூவாய்க்கு விப்பியா. 40 ஆயிரத்த பேங்க்ல போடு தாயி, வட்டியாச்சும் வரும்.

கீழக்கரை_துபாய்:

ரவுசு சொன்னதுல பாதி நாயம் இருக்கு, மீதிய நான் சொல்றேன். பன்னண்டு வருஷமா சாஃப்ட்வேர் வேலைதான் பாக்குறேன், ஆடியோ பக்கமும் கொஞ்ச நாள் இருந்திருக்கேன்.

தங்கச்சி, நீ ரெண்டு வேற வேற சங்கதிய ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிற. ஓடுற பாட்டக் கேட்டு அது என்னன்னு சொல்ற ஷாசாம் மாதிரி ஆப் பண்றது ஒண்ணு. ராத்திரி கரையில நின்னு கடலப் பாத்தா படகு தெரியாது, லைட்டு மட்டும் தெரியும்ல, அது மாதிரி பாட்டுல எந்த நேரத்துல எந்த அதிர்வெண் ஓங்கி நிக்குதோ அந்தப் புள்ளிகள மட்டும் எடுத்துக்கும், எடுத்து சோடி சோடியா சேத்து ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேர இடைவெளின்னு நம்பரா மாத்தி வச்சுக்கும். டீக்கடை இரைச்சல்லயும் புடிக்கிறது அதனாலதான், இரைச்சல் வந்தாலும் பெரிய லைட்டு அணையாதுல்ல. ஆனா அதே ரெக்கார்டிங்கா இருக்கணும். அதே பாட்ட நாதஸ்வரத்துல வாசிச்சா புடிக்காது, உங்க அப்பா பாடுனாலும் புடிக்காது. ஷாசாம்காரங்க இந்த வேலைய 2002லயே லண்டன்ல ஆரம்பிச்சுட்டாக, அப்ப ஆப் ஏது, 2580ன்னு நம்பர் அடிச்சு போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் புடிக்கணும், பதில் எஸ்எம்எஸ்ல வரும். 2018ல ஆப்பிள் வாங்கி விளம்பரத்தையும் எடுத்துட்டான். அங்க போய் நீ கடை போட முடியாது.

முணுமுணுப்பு வேற சோலி. அதுல சுரம் ஏறுதா எறங்குதா, எவ்ளோ தூரம் ஏறுதுங்குற வடிவத்தத்தான் பாக்கணும். கூகுள் 2020ல விட்டது அதுதான். அதுலயும் அவன்கிட்ட இருக்குற பாட்டோடதான் ஒப்பிடுவான். அப்பா பாட்டு அவன் பெட்டிலயே இல்லேன்னா நீ எத்தன தடவ பாடுனாலும் பக்கத்துல இருக்குற எதையாச்சும் எடுத்து நீட்டுவான். உனக்கு நடந்தது அநேகமா அதுதான்.

மோகனம் மத்யமாவதி ஆனது மட்டும் எனக்கு வெளங்கல.

மடத்துக்குயில்:

ரொம்ப நன்றி காக்கா (உங்க ஊருல அண்ணன இப்புடித்தான கூப்புடுவாக). மோகனம் விஷயம் நான் சொல்றேன், அது ப்ரோக்ராம் தப்பு மட்டும் இல்ல. அப்பா பாடுறப்ப பின்னாடி சுருதிப்பெட்டி இல்ல, அதனால ஸ எதுன்னு கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லுவா? அதிகமா நின்ன சுரத்த ஸன்னு எடுத்துக்குச்சு. அப்பா ரிஷபத்துல நின்னு நின்னு பாடுறாரு. மோகனத்துல ரிய ஸன்னு வச்சு எண்ணுனா வர்றது மத்யமாவதிதான், கவ ஸன்னு வச்சா ஹிந்தோளம். கிரக பேதம்னு எங்களுக்கு கிளாஸ்ல சொல்லிக் குடுப்பாக, நான் அப்ப அத வெறும் வித்தைன்னு நெனச்சேன்.

இன்னொன்னு, பத்து செகண்டு முணுமுணுப்புல மத்யமம் வரவே இல்லேன்னா அது கல்யாணியா சங்கராபரணமான்னு சுரத்த மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் அந்த ஒரு ம தான் வித்தியாசம். பிடி (ராகத்துக்குன்னே வர்ற சுரக் கோவை), கமகம் (சுரத்த ஆட்டிப் பாடுறது) கேட்டு நாங்க சொல்லிருவோம், மெஷினுக்கு அது வெறும் ஆடுற கம்பி. அதனால ராகம் சொல்ற பகுதிய ஆப்ல இருந்து நானே எடுத்துறலாம்னு தோணுது இப்ப.

மைக்செட்_மண்டபம்:

பாப்பா நான் டைப் அடிக்கத் தெரியாம பேசித்தான் போடுறேன் தப்பு இருந்தா பொறுத்துக்க. மண்டபத்துல முப்பது வருசமா ரேடியோ செட்டு வச்சிருக்கேன், கல்யாணம் காதுகுத்து கோயில் கொடை சர்ச் திருவிழா கந்தூரி எல்லாத்துக்கும் கட்டுவேன். நீ சொல்ற ஆப்பு நான்தான். ஜனங்க எங்கிட்ட வந்து மெட்டா பாடுறாக? நூத்துல பத்து பேரு கூடப் பாட மாட்டாக, கூச்சப்படுவாக. "எம்ஜியாரு குதிரையில போவாரே அது", "எங்க அக்கா கல்யாணத்துல சாயங்காலம் போட்டீகளே அது", இப்புடித்தான் கேப்பாக. வார்த்தைய சொன்னாலும் தப்பாத்தான் சொல்லுவாக, அந்தத் தப்பு எல்லாருக்கும் ஒரே தப்பா இருக்கும் அதான் வேடிக்கை. பாம்பன்ல ஒரு அம்மா, அவுக வீட்டுக்காரரு நாப்பதாம் நாளுக்கு ஒரு மாதா பாட்டு வேணும்னு வந்து, பாட்டு தெரியல, அந்தக் கேசட்டு அட்டை நீலக் கலரு, ஓரத்துல எலி கடிச்சிருக்கும்னு சொன்னாக. எடுத்துக் குடுத்துட்டேன். உன் ஆப்பு எலி கடிச்சதக் கேக்குமா.

49 ரூவா எவனும் தர மாட்டான். ஆனா எனக்கு ஒரு சிக்கல் இருக்கு அதுக்கு நான் காசு தர்றேன். எங்கிட்ட ஆயிரத்து எண்ணூறு கேசட்டு கெடக்கு. அதுல முக்கால்வாசிக்கு அட்டை இல்ல, பேனால எழுதுனது உப்புக் காத்துல அழிஞ்சு போச்சு. பூஞ்சை புடிக்குது, கொஞ்ச நாள்ல ஒண்ணும் மிஞ்சாது. அதுல எது என்ன பாட்டுன்னு பேரு போட்டுக் குடு, கேசட்டுக்கு 50 ரூவா தர்றேன். சாயல்குடி, தொண்டி, ஏர்வாடி எல்லாப் பக்கமும் என்னைய மாதிரி செட்டுக்காரங்க இதே மாதிரி அள்ளிப் போட்டு வச்சிருக்காக.

கீழக்கரை_துபாய்:

அண்ணே, நான் ரெண்டு பத்தி அடிச்சும் வராத விஷயம் இது!

தங்கச்சி, கம்பெனி கேசட்ல இருக்குற சினிமாப் பாட்டுக்கு முணுமுணுப்பு வேணாம், மொதல்ல சொன்ன மாதிரி ரெக்கார்டிங்க வச்சு அடையாளம் புடிக்கிற கைரேகை முறையே போதும், ஏன்னா அதே ரெக்கார்டிங்தான். குரோமாபிரிண்ட்னு அதுக்கு ஒரு ப்ரோக்ராம் இலவசமா இருக்கு, உன் ஃபிரண்டு பைத்தான்ல ஒரு வாரத்துல கட்டிருவான். முழுப்பாட்டையும் குடுத்துத் தேடுற மாதிரி செஞ்சது அது, அதனால கேசட்ட மொதல்ல பாட்டு பாட்டா வெட்டணும். ஒரு சிக்கல் என்னன்னா பழைய டேப்பு வேகம் முன்னப் பின்ன ஓடும், வேகம் மாறுனா சுருதியும் மாறும், கைரேகை ஒத்துப் போகாது. இழுக்குற டேப்ப நேராக்குறதுக்கு ஒரு காது வேணும், அது உன் காதுதான். இதுல தேறாம மிஞ்சுறதுக்குத்தான் ஆளு வச்சுக் கேட்டுப் பேரு போடணும்.

ஒண்ணு மட்டும் கவனம். செட்டுக்காரர் டேப்ப அவருக்கு மாத்தி, பேரு போட்டுக் குடுக்குறது வேற, நெட்ல ஏத்தி விக்கிறது வேற. 1957 காப்பிரைட் சட்டத்துல ஒலிப்பதிவுக்கு வெளியான பெறகு 60 வருஷம் உரிமை இருக்கு, பாட்டு எழுதுனவக மெட்டுப் போட்டவக உரிமை அவுக செத்த பெறகும் 60 வருஷம் ஓடும். காசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்க, ஆசைப்பட்டு யூடியூப்ல மட்டும் ஏத்திராத.

ராம்நாட்_ரவுசு:

1800 இன்ட்டு 50, 90 ஆயிரம். சரி, பேங்க் வேணாம். எனக்கு வேலை இருக்கா?

தொண்டி_வாத்தியார்:

அம்மாடி, உங்க அப்பா பாட்டு சினிமாப் பாட்டா இல்லாமலே இருக்கலாம். அப்ப இலங்கை வானொலில நம்ம ஊரு சினிமாப் பாட்டு மட்டும் போடல, அவுக நாட்டுக் கவிஞருங்க எழுதி அவுக நிலையத்துலயே பாடி ஒலிப்பதிவு பண்ணுன மெல்லிசைப் பாட்டு தனியா வரும், பொப்பிசைன்னு 70கள்ல துள்ளலா ஒண்ணு வரும். நம்ம கரையில மெட்ராஸ் ஸ்டேஷன விட கொழும்பு தெளிவாக் கேக்கும், எங்க வீட்ல மணி பாக்குறதே அந்த அறிவிப்பாளர் குரல வச்சுத்தான். அந்த மெல்லிசையில நெறைய இந்தப் பக்கம் கடைக்கு வந்ததே இல்ல. ரேடியோல வர்றப்ப டேப்புல புடிச்சவுககிட்ட இருந்தா உண்டு. அது ஒரு கம்பெனி பெட்டிலயும் இருக்காது.

அப்புறம் ஒண்ணு, கரைவலை இழுக்குறப்ப பாடுற அம்பா பாட்டையும் இந்த சாக்குல பதிஞ்சு வையி. அதுக்கெல்லாம் காசு வராது, ஆனாலும் வையி.

மைக்செட்_மண்டபம்:

வாத்தியாரய்யா சொன்னதும்தான் ஞாபகம் வருது. எங்க அண்ணன் ரேடியோவுல இருந்து புடிச்ச டேப்பு ஒரு பிஸ்கோத்து டின்னு நெறைய இருக்கு, சிலோன்னு மேல எழுதிருப்பான். பதினேழோ பதினெட்டோ. நான் போட்டுப் பாத்ததில்ல. பாப்பா ஞாயித்துக்கிழம அப்பாவயும் கூட்டிக்கிட்டு வா, அவரு கேட்டுட்டு இது இதுன்னு சொல்லுவாரு. டெக்கு ஒண்ணு இருக்கு, பெல்ட்டு அறுந்து கெடக்கு, இங்கிட்டு கெடைக்கல.

மடத்துக்குயில்:

அண்ணே பெல்ட் நான் மதுரைல தேடி வாங்கிட்டு வர்றேன். டெக் மாடல் நம்பர் பின்னாடி ஒட்டிருக்கும், ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அப்பாகிட்ட இன்னும் டின்னைப் பத்தி சொல்லல, சொன்னா இப்பவே கெளம்பிருவாரு.