மூன்றரை அடி ரேழியில் மூன்று சைக்கிள்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பாவின் பெரிய சைக்கிள், பையனின் கியர் சைக்கிள், இப்போது மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். மூன்றும் வாசலிலிருந்து உள்ளே போகும் நடைவழியான ரேழியில்தான். ஹேண்டில் பார் மட்டுமே இரண்டடி அகலம் பிடிக்கிறது. மாமியார் ஒருக்களித்துத்தான் நடக்கிறார், திட்டு எனக்கு.

திண்ணையில் விடலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் நேராக அடிக்கும். செயினும் ரிம்மும் துருப்பிடித்துவிடும். பூட்டினாலும் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வராது.

சுவரில் கொக்கி அடித்து, முன்சக்கரத்தை மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்கிறார்கள். சிமெண்ட் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் போட்டு முடித்திருப்பேன். இது செங்கலும் சுண்ணாம்புக் காரையும். டிரில் வைத்தால் மாவாகக் கொட்டுகிறது. தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் கம்பம், சாய்ந்த ஓட்டுக்கூரையில் நிற்காது.

மிச்சமிருப்பது உத்தரம். நல்ல தேக்கு. அதில் கப்பி கட்டி, அதிகம் ஓட்டாத அப்பா சைக்கிளை மேலே ஏற்றலாமா? எடை சுமார் 20 கிலோ வரும். ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், கயிறோ பட்டையோ சுற்றித்தான் கட்ட வேண்டும்.

இப்படிக் கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன கயிறு, எத்தனை கப்பி போட்டீர்கள்? சுவரைத் தொடாமல் நிற்கும் இரும்பு ஸ்டாண்டு செய்துதரும் வெல்டிங் பட்டறை இந்தப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. சைக்கிளை விற்கச் சொல்லாதீர்கள், அப்பாவும் இந்தக் குழுவில் இருக்கிறார்.