‘ரிவர்சிங் டியூன்’: தமிழில் எது சரி?

அன்புள்ள குழுவினருக்கு,

பாலைநிலச் சொற்பட்டியலில் ‘ரிவர்சிங் டியூன்’ (reversing dune) என்ற மணற்குன்று வகைக்கு மட்டும் தமிழ்ப்பெயர் தீராமல் நிற்கிறது. பிறை வடிவ மணற்குன்றான பிறைக்குன்றுக்குக் காற்று ஒரே திசை. இதற்கு இரண்டு. அமெரிக்காவில் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் மேற்கே சான் வான் மலை, கிழக்கே சாங்ரே டி கிறிஸ்டோ மலை. தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கு மணலை மலையடிக்குத் தள்ளுகிறது. புயல் நாட்களில் கணவாய் வழியே இறங்கும் வடகிழக்குக் காற்று அதையே திருப்பி அடிக்கிறது. மேல்காற்றான கோடையும் கீழ்க்காற்றான கொண்டலும் ஒரே களத்தில் மல்லுக்கு நிற்பதுபோல. நகர வழியில்லாத மணல் மேலே எழும்புகிறது. அங்கே மிக உயர்ந்த குன்று ஏறத்தாழ 225 மீட்டர்.

‘எதிர்காற்றுத் தேரி’ என்று வைக்கலாமா?

– திருநகர், மதுரை

ஐயா, வணக்கம்.

இரண்டு பாதியும் இடிக்கிறது. எதிர்காற்று என்றால் சைக்கிள்காரர் முகத்தில் அடிப்பது. தேரி என்றால் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல். இரும்பு ஆக்சைடு படிந்து, பனையும் முந்திரியும் வேர்பிடித்த நிலம். அந்த நல்ல சொல்லை அதன் மண்ணிலேயே விட்டுவிடுவோம். ‘இருகாற்று மணற்குன்று’ போதுமே?

– மேலூர்

போதாது, தம்பி. இரு காற்றும் நேர் எதிராக இல்லாமல் விரிகோணத்தில் வந்து சேர்ந்தால் உருவாவது நீள்குன்று. நேர் எதிராக, ஏறக்குறைய சமபலத்தில் மோதினால்தான் இது. ஒன்று ஓங்கிவிட்டால் குன்று அது தள்ளும் பக்கமாக நகர்ந்துவிடும்.

களத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிடுவோம். காற்றுமறைவில் மணல் குவிந்து, சுமார் 34 பாகையைத் தாண்டியதும் சரியும்; அதுதான் சரிவுமுகம். காற்று திரும்பினால் முதலில் முகட்டு நுனி மறுபக்கம் சாயும், அடிப்பகுதி பழைய சாய்விலேயே கிடக்கும். அதனால் என் சொல் ‘முகமாறு மணற்குன்று’. ‘முகமாறி’ வேண்டாம், பச்சோந்திக்கு வைத்த பெயர்போல ஒலிக்கிறது.

மலைப்பக்கம் ஒதுங்கும் மணலை மெடானோ ஓடை அரித்துப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய்ப் போடுகிறது. ஓடை வற்றியதும் காற்று மறுபடி அள்ளி வருகிறது. குன்றுகள் அங்கேயே நிலைப்பதற்கு இதுவும் காரணம். ஆனால் இதைப் பெயருக்குள் திணிக்க வேண்டாம், ‘மணல் மீள்சுழற்சி’ எனத் தனிப்பதிவாகட்டும்.

– திருநகர்

ஏற்கிறேன், ஐயா. பதிவு: முகமாறு மணற்குன்று – எதிரெதிர்த் திசையில் ஏறக்குறைய சமபலத்தோடு மாறிமாறி வீசும் காற்றால் சரிவுமுகம் பக்கம் மாறும் குன்று.

– மேலூர்