எதிர் நாற்காலியில் மூமின்

அல்லிக்குளம்:
டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியில், சோலமாச்சி வணிக வளாகத்தில் இருந்த மூமின் காபிக் கடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு தனியாகப் போனேன். மூமின்கள் யாரென்று தெரியாதவர்களுக்கு: பின்லாந்து ஓவியர் தூவே யான்சன் வரைந்த, நீர்யானை மூஞ்சியும் தொந்தியும் கொண்ட வெள்ளைக் குடும்பம். நான் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பரிமாறும் பெண் ஒரு பெரிய மூமின் பொம்மையை இரு கைகளாலும் தூக்கிவந்து, விருந்தாளியை அமர்த்துவதுபோல என் எதிரே உட்காரவைத்துவிட்டுப் போனார். காபி நுரையிலும் அதே முகம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ கைப்பேசியை எடுக்கத் தோன்றவில்லை.

கறார்பேர்வழி:
பஞ்சு பொம்மைக்கு இத்தனை உருக்கமா? 2014இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் இப்படித்தான் ‘தனிமைக்கு மருந்து’ என்று எழுதித் தள்ளின. மனிதனின் தனிமையைக் காபியோடு சேர்த்து விற்பதற்குப் பெயர் ஆறுதல் அல்ல. யான்சன் முதல் மூமின் கதையை எழுதத் தொடங்கியது போர்க்காலத்தில். அது வெளிவந்தது 1945இல். வெள்ளம், வால்நட்சத்திரம், காணாமல்போன அப்பா என்று அந்தக் கதைகளில் பயம் ஊறிக்கிடக்கிறது. மோரன் என்றொரு பாத்திரம் உண்டு. அவள் உட்கார்ந்த இடத்தில் தரை உறைந்துபோகும். குளிர் தாங்காமல் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வருவாள், எல்லோரும் ஓடிவிடுவார்கள். அவளையா உங்கள் எதிரே உட்காரவைத்தார்கள்? கொழுகொழுவென்று இருப்பதைத்தானே கொண்டுவந்தார்கள்!

அல்லிக்குளம்:
மோரன் என் கண்ணில் படவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1965இல் வந்த நாவலில் அந்தக் குடும்பத்துப் பையன் மூமின்ட்ரோல் இரவுதோறும் விளக்கோடு கடற்கரைக்குப் போகிறான். எண்ணெய் தீர்ந்துபோன ஓர் இரவில் வெறுங்கையோடு போகிறான். மோரன் மகிழ்ந்து ஆடுகிறாள். அவள் நின்ற மணல் அன்றைக்கு உறையவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது விளக்கு அல்ல, யாராவது வருவதுதான். வந்தவர் யார் எவர் என்று கேளாமல் தட்டு வைக்கிற வீடு மூமின் அம்மாவுடையது. அந்தக் கடை அதைத்தான் செய்தது.

கறார்பேர்வழி:
மூமின் அம்மா பில் கொடுக்கவில்லையே!

ஒசாகாக்காரன்:
இங்கே பத்து வருடமாக இருக்கிறேன். இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஜப்பானில் தனியாகச் சாப்பிடுவது பரிதாபத்துக்குரிய விஷயமே அல்ல. ‘ஒஹிதோரிசாமா’ என்று தனியாக வருகிறவருக்கு மரியாதைச் சொல்லே இருக்கிறது. இருபுறமும் தடுப்புப் பலகை வைத்து ஒருவருக்கு ஓர் இருக்கை என்று நடத்தும் ராமென் நூடுல்ஸ் கடைகளும் உண்டு. மூமின் பொம்மையோ கூட்டமாக வந்தவர்கள் மேசைக்கும் முறைவைத்துப் போனது. மருந்து, வைத்தியம் எல்லாம் வெளியூர்ப் பத்திரிகைகள் ஒட்டிய சீட்டு. இங்குள்ளவர்களுக்கு அது சின்ன விளையாட்டு, அவ்வளவுதான். மூமின் பித்தும் இங்கே புதிதல்ல. 1969லேயே தொலைக்காட்சியில் கார்ட்டூன் வந்துவிட்டது.

கறார்பேர்வழி:
நல்லதாகப் போயிற்று, அந்த 1969 கார்ட்டூன் யான்சனுக்கே பிடிக்கவில்லை. தம் பாத்திரங்களின் குணத்தை மாற்றிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். மின்சாரம் இல்லாத பாறைத்தீவில் கோடைகளைக் கழித்தவர் அவர். அவர் பெயரில் பேரங்காடிக்குள் ஒரு கடை!

ஒசாகாக்காரன்:
1990இல் வந்த கார்ட்டூன் அவருடைய சம்மதத்தோடு எடுக்கப்பட்டது, அதையும் சொல்லுங்கள். 1950களிலேயே மூமின் பொருள்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. புகழ் அவரைக் களைப்படையச் செய்தது உண்மை. அதற்காக வியாபாரமே தெரியாத துறவியாக அவரை ஆக்க வேண்டாம்.

அல்லிக்குளம்:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்து, தலை வணங்கி, மூமினைப் பக்கத்து மேசைக்கு எடுத்துப்போனார். அங்கே கோட்டு போட்ட ஒருவர் தனியாக இருந்தார். எதிர் நாற்காலியில் வைத்திருந்த தம் பையை அவசரமாக எடுத்துத் தரையிலிருந்த கூடையில் போட்டு இடம் விட்டார். மூமினின் உடம்பெல்லாம் வெள்ளை. காதுகள் மட்டும் பழுப்பேறியிருந்தன. எத்தனை பேர் தொட்டார்களோ.

கறார்பேர்வழி:
காது விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, வாசலில் பொருள் விற்கும் அலமாரி இருந்ததா?

அல்லிக்குளம்:
இருந்தது. ஒரு கோப்பை வாங்கினேன்.

கறார்பேர்வழி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.