அட்டெனோலாலா, அம்லோடிபினா: தமனி விறைப்புக்கு எது?

கேள்வி: அட்டெனோலால், அம்லோடிபின் இரண்டுமே பிரஷர் மருந்துகள், இரண்டுமே கையில் பார்க்கும் பிரஷரை இறக்குகின்றன. பிறகு ஏன் தமனி விறைப்பு (ரத்தக்குழாய்ச் சுவர் கெட்டிப்படுவது) என்றதும் அட்டெனோலாலை ஒதுக்குகிறார்கள்?

பதில் 1: கையில் கட்டும் பட்டை இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டாது. 2006-இல் வெளிவந்த கேஃப் (CAFE) என்ற ஆய்வில், அட்டெனோலால் எடுத்தவர்கள், அம்லோடிபின் எடுத்தவர்கள் என்ற இரு தரப்புக்கும் கை பிரஷர் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அம்லோடிபினும் தேவைக்கேற்ப பெரிண்டோப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் எடுத்தவர்களுக்குப் பெருந்தமனி சிஸ்டாலிக் (மேல் அளவு) சராசரியாக 4.3 மி.மீ. குறைவு. அட்டெனோலால் நாடித்துடிப்பைக் குறைப்பதால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் நேரம் நீள்கிறது. சிறு நாளங்களில் மோதித் திரும்பும் அலை சிஸ்டோல் (இதயம் சுருங்கும் கட்டம்) முடிவதற்குள் வந்து, வெளியே போகும் அலையின் மேலேயே ஏறிக்கொள்கிறது; அதனால் பெருந்தமனி அழுத்தம் கூடுகிறது.

பதில் 2: விறைப்பை அளக்க, கழுத்திலிருந்து தொடை வரை நாடி அலை ஓடும் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிரஷர் இறங்கினாலே இந்த வேகமும் குறையும், அதை வைத்துச் சுவரே இளகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்! அளக்குமுன் 10 நிமிடம் படுத்திருக்கணும். 3 மணி நேரம் காபி, சிகரெட் கூடாது.

பதில் 3: இதைப் படித்துவிட்டு யாரும் அட்டெனோலாலைத் திடீரென நிறுத்த வேண்டாம். துடிப்பு எகிறும், நெஞ்சுவலி வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கணும்.