கிட்டார் பக்கப்பலகை மூன்றாவது தடவையும் உடைந்தது, எந்த மரம் வாங்கலாம்? (அவசரம்)

ஆறுகம்பி:
வணக்கம். முதல் கிட்டார் செய்கிறேன். பக்கப்பலகையை வளைக்கும்போது இடுப்பில் படக்கென்று உடைகிறது. இது மூன்றாவது. நன்றாக ஊறவைத்துத்தான் வளைத்தேன், ஆகவே மரம்தான் சரியில்லை. எந்த மரம் வாங்கினால் உடையாது? நாளைக் காலை மரக்கடைக்குப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலக்கரை:
என்ன மரம்? எத்தனை மி.மீ.? எதில் சூடு காட்டினீர்கள்?

மரத்தூள்:
என்ன வடிவம் என்றும் சொல்லுங்கள். டிரெட்நாட் என்றால் இடுப்பு அகலம், வளைவு இளக்கமாக இருக்கும். ஓஎம், கிளாசிக்கல் எல்லாம் இடுப்பு சிறுத்தவை.

உளிமுனை:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். மரத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் வேறு மரம் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? கிட்டாரை விடுங்கள், முதலில் ஒரு முக்காலி செய்து பழகுங்கள்.

சிராய்:
துணி மிருதுவாக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து மரத்தில் தெளியுங்கள். ரப்பர் மாதிரி வளையும். நான் எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆறுகம்பி:
மஹோகனி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓஎம். தடிமன் சரியாகத்தான் இருக்கிறது. அண்டாவில் அரை மணி கொதிக்கவைத்து, எடுத்து அச்சில் வைத்து கிளாம்ப் போட்டேன்.

பாலக்கரை:
'சரியாக' என்றால் எத்தனை தம்பி? வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

மரத்தூள்:
ஈட்டி மரம் (ரோஸ்வுட்) வாங்குங்கள். மஹோகனியைவிட ஈட்டி நன்றாக வளைந்து கொடுக்கும். கெட்டியான மரமாயிற்றே என்று புதிதாக வருபவர்கள் பயப்படுவார்கள், சூடு ஏறினால் அது தானாக இறங்கும்.

நீலமலை:
ஈட்டி தடை செய்யப்பட்ட மரம். இப்படிச் சொல்லிக்கொடுத்து அவரை மாட்டிவிடாதீர்கள்.

மரத்தூள்:
தடை எங்கே வந்தது? 2017 ஜனவரியில் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய மொத்தமும் சைட்டஸ் என்ற அருகிவரும் உயிரினங்களின் வணிக ஒப்பந்தத்தில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. அது நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கான கட்டுப்பாடு. முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்கும் கொடுத்துவிட்டார்கள். பில்லோடு விற்கும் பலகையைத் தாராளமாக வாங்கலாம்.

நீலமலை:
பில் எந்தக் கடையில் ஒழுங்காகத் தருகிறார்கள்? காட்டில் வெட்டியது எது, பட்டா நிலத்து மரம் எது என்று பலகையைப் பார்த்தா தெரியும்?

நாதம்:
எதற்கு இந்தச் சண்டை? தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தானே செய்கிறார்கள். நாதத்துக்குப் பலாவை மிஞ்ச ஒன்றும் இல்லை. கிட்டாரையும் பலாவில் செய்யட்டும்.

உளிமுனை:
வீணைக் குடத்தைக் குடைகிறார்கள் ஐயா, வளைப்பதில்லை. கேள்வி வளைப்பதைப் பற்றி.

நாதம்:
குடைந்தாலும் வளைத்தாலும் மரம் மரம்தானே.

உளிமுனை:
சட்டியும் சோறும் ஒன்று என்கிறீர்கள்.

ஆறுகம்பி:
பக்கத்துப் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தேன். 3.2. ஓரிடத்தில் 3.4.

பாலக்கரை:
அதுதானே பார்த்தேன். மரக்கடைக்கு இப்போது போக வேண்டாம், இருக்கும் பலகையை இழையுங்கள். பெரும்பாலானவர்கள் 2 முதல் 2.3 மி.மீ. வரை வைப்பார்கள்.

கணக்கு எளிது. வளைவின் ஆரம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.2 மி.மீ. பலகையின் வெளிப்புறம் 2 சதவீதம் நீள வேண்டும், 2 மி.மீ. என்றால் 1.25 போதும். மரம் அமுங்கச் சொன்னால் நன்றாக அமுங்கும், நீளச் சொன்னால்தான் மறுக்கும். ஒன்றிரண்டு சதவீதத்திலேயே கிழிந்துவிடும். நீங்கள் அந்த விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அடுத்தது அண்டா. மரத்தை வளைப்பது தண்ணீர் இல்லை, சூடு. நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் சூட்டில்தான் இளகும். அண்டாவிலிருந்து எடுத்து அச்சுக்குக் கொண்டுபோய் கிளாம்ப் தேடுவதற்குள் இவ்வளவு மெல்லிய பலகை ஆறிப்போயிருக்கும். வளைகிற அதே நொடியில், வளைகிற அதே இடத்தில் சூடு இருக்க வேண்டும். அதனால்தான் சூடான குழாய் மேல் வைத்து வளைக்கிறோம். குழாயில் தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு துள்ளி ஓட வேண்டும், அது பதம். பலகையைத் துணியால் நனைத்தால் போதும். அரை மணி வேகவைத்தால் பலகை கோணும், நிறமும் போகும்.

இன்னொன்று, இடுப்பில் விரிசல் விழுவது பெட்டிக்குள் பார்க்கும் முகத்தில்தான். அங்கே அதுதான் வெளிவளைவு. அந்த முகத்தோடு மெல்லிய எவர்சில்வர் தகட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வளையுங்கள். சாதா இரும்புத் தகடு வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் மரத்திலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்புக் கறை விடும், எளிதில் போகாது. குழாய் இரும்பாக இருந்தால் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள்.

சிராய்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? என் திரவத்தை ஒரு தடவை...

மரத்தூள்:
சிராய் அண்ணே, அந்த வழவழப்பு மரத்தில் தங்கிவிட்டால் அப்புறம் பசை பிடிக்குமா? பாலிஷ் பிடிக்குமா?

சிராய்:
எனக்குப் பிடித்திருக்கிறது.

மரத்தூள்:
கிட்டாரிலா?

சிராய்:
கூடைக் கைப்பிடியில்.

உளிமுனை:
பாலக்கரை சொல்லாமல் விட்டது ஒன்று. உடைந்த துண்டின் ஓரத்தில் உளியை வைத்து நாரோடு பிளந்து பாருங்கள். பிளவு நேராகப் போனால் பலகை நல்லது. சாய்ந்து முகத்தை விட்டு வெளியே ஓடினால் 2 மி.மீ. ஆனாலும் அந்த இடத்தில் உடையும், எந்த ராஜா மரமாக இருந்தாலும் சரி. மஹோகனியில் நார் அடுக்கடுக்காகத் திசை மாறிப் பின்னியிருக்கும், அது ஈட்டியைவிட முரண்டு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடையில் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது வரிக் கோலத்தின் அழகில் மயங்காதீர்கள், ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். முக்காலி செய்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

பாலக்கரை:
இது சரி. முக்காலி மட்டும் அதிகம்.

நாதம்:
பலா பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.

நீலமலை:
தம்பி, கடைக்குப் போனீர்களா? பில் கேட்டீர்களா?

(மூன்று நாள் கழித்து)

ஆறுகம்பி:
அதே மரம்தான். 2.1 க்கு இழைத்தேன். ஜிஐ பைப்புக்குள் ஹீட் கன். உடையவில்லை. இரண்டு பக்கமும் வளைத்துவிட்டேன். இப்போது பார்த்தால் இரண்டும் இடது பக்கம். நன்றி.

மரத்தூள்:
ஐயோ. கழுத்துப் பக்கம் குறுகலாக, அடிப்பக்கம் அகலமாக முன்னாடியே வெட்டிவிட்டீர்களா? இன்னும் நேர்ப்பட்டையாக இருந்தால் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், வலது ஆகிவிடும். வரி மட்டும் ஜோடி சேராது.

பாலக்கரை:
வெட்டியாச்சா இல்லையா, அதைச் சொல்லுங்கள் தம்பி.

பாலக்கரை:
தம்பி?