புதுப்பிப்பு: தைராய்டு மாத்திரையா, கால்சியமா? இரண்டும்தான்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எனக்கு முடக்குவாதமும் ஹாஷிமோட்டோ தைராய்டும் (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) உண்டு. முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனமாக்கும், கால்சியத்தை விடாதீங்க என்றார் மூட்டு நிபுணர். டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) ஏறுகிறது, கால்சியத்தை நிறுத்துங்க என்றார் தைராய்டு நிபுணர். யார் சொல்வதைக் கேட்பது என்றுதான் இங்கே கேட்டிருந்தேன்.

மருந்து எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரே தாளில் எழுதி மருந்தாளரிடம் காட்டச் சொன்ன கோலகங்சார் அக்காவின் யோசனைதான் பலித்தது. இங்கே சுங்கை சிப்புட்டில் மருந்தாளர் தாளைப் பார்த்ததும் என் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினையும் (சுருக்கமாகத் தைராக்சின்) கால்சியத்தையும் பேனாவால் வட்டமிட்டார். கால்சியம் குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்ளுமாம். 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு டாக்டர்களும் சரி என்றார்கள். இப்போது எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின், பசியாறிய பின் ஸ்டீராய்டு, மதியச் சோற்றோடு கால்சியம்.

டிஎஸ்எச் மாறியதா என்று பார்க்க 6 வாரமாவது ஆக வேண்டும். அதன் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் இயல்பு அளவுக்கு வந்துவிட்டது, மருந்தைக் கூட்டாமலே.

எதிர்பாராதது கோப்பி. அதுவும் தைராக்சினைத் தடுக்கும், அரை மணியாவது பொறுக்கணும். விடியற்காலையில் தோட்டத்து வேன் ஹாரன் அடிக்கும் வீட்டில் இதுதான் பெரும்பாடு! இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களும் இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.