14 நாள் தாண்டி வந்த வேக நோட்டீஸ்: குப்பையில் போடலாமா?

ஈஸ்ட்ஹாம்காரன்:
இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. மார்ச் 3 அன்று 30 மைல் வேக வரம்பு உள்ள ரோட்டில் 37இல் போனேனாம், கேமராவில் விழுந்திருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்தது 20ஆம் தேதி. 14 நாளுக்குள் வராவிட்டால் கேஸ் நிற்காது என்கிறார்கள். குப்பையில் போட்டுவிடவா?

நடைபாதை:
"போனேனாம்" என்ன? போனீர்கள்! தபால் மூன்று நாள் பிந்தியதால் 37 வந்து 30 ஆகிவிடுமா? நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவன். இந்த 14 நாள் விதியே வேகக்காரர்களுக்குத் திறந்துவைத்த பின்கதவு.

வாசுகி:
குப்பையில் மட்டும் போடாதீர்கள் தம்பி. அந்த உறைக்குள் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, வழக்குப் போடப்போகிறோம் என்ற எச்சரிக்கை. 14 நாள் கணக்கு அதற்குத்தான். மற்றது, யார் ஓட்டினார் என்று 28 நாளுக்குள் எழுதித்தரச் சொல்வது. நோட்டீஸ் பிந்தி வந்தாலும் இதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். வேகத்துக்கு வழக்கமாக 100 பவுண்டு அபராதமும், லைசென்ஸில் ஏறும் 3 பாயிண்டும் (தண்டனைப் புள்ளி). பதில் எழுதாமல் விட்டால் 6 பாயிண்ட், அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 பாயிண்ட் என்றால் லைசென்ஸே போச்சு.

நடைபாதை அண்ணா, அது பின்கதவு இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தது நீங்களா, அண்ணியா? சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம். நினைவு இருக்கும்போதே கேள் என்பதுதான் 1988 சட்டம்.

நடைபாதை:
போலீஸ் மறித்து வாயால் சொன்னால் கடிதமே தேவையில்லை. விபத்து நடந்து, அது ஓட்டியவருக்கும் தெரிந்திருந்தால் அப்போதும் தேவையில்லை. கேமராவுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 6 மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்கைத் தொடங்க வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

வாசுகி:
மறித்த போலீஸ்காரரின் முகம் நினைவிருக்கும். கேமரா பிடித்ததே பல பேருக்குத் தெரியாது. வித்தியாசம் அதுதான்.

தம்பி, கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது? கார் யார் பெயரில்?

ஈஸ்ட்ஹாம்காரன்:
தேதி மார்ச் 18. கார் லீஸ், கம்பெனி பெயரில் இருக்கிறது.

வாசுகி:
அப்போ கதை முடிந்தது. 14 நாளுக்குள் போக வேண்டியது பதிவில் இருக்கும் கம்பெனிக்கு. அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்த பிறகு வந்த இரண்டாவது கடிதம் இது. இதற்கு அந்தக் கணக்கு கிடையாது.

ஈஸ்ட்ஹாம்காரன்:
ஏற்கெனவே 9 பாயிண்ட் இருக்கிறது அக்கா. 12 ஆனால் வண்டி ஓட்ட முடியாது. மனைவி பெயரைப் போட்டால்?

நடைபாதை:
கிறிஸ் ஹூன் தெரியுமா? மந்திரியாக இருந்தவர். 2003இல் வேகமாகப் போய்விட்டு, பாயிண்டை அப்போதைய மனைவி விக்கி ப்ரைஸ் தலையில் போட்டார். 2013இல் இரண்டு பேருக்கும் 8 மாதம் சிறை. வேகத்துக்குத்தான் கெடு, பொய்க்குக் கெடுவே கிடையாது. அது மட்டும் எனக்குப் பிடித்த சட்டம்.

வாசுகி:
இதில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணா. 14 நாள் விஷயத்தில் இல்லை.

ஈஸ்ட்ஹாம்காரன்:
சரி, என் பெயரையே எழுதுகிறேன். 37 என்பதால் பாயிண்டுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகச் சொல்ல வாய்ப்பு உண்டா?

வாசுகி:
கடந்த மூன்று வருடத்தில் அந்த வகுப்புக்குப் போகவில்லையே?

ஈஸ்ட்ஹாம்காரன்:
போன வருடம் போனேன்.

நடைபாதை:
பஸ் பாஸ் எடுங்கள்.